பதினொன்றாம் வளைவு

இன்ஜினுக்கு ஆன செலவு
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
நான்கு பேர் ஏறினாலே மூச்சு வாங்கிய சின்ன காருக்கு
அதே கம்பெனிப் பெரிய காரின் இன்ஜின்,
குகையில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கிய மவுண்டிங்,
தாழ்த்திய ஸ்பிரிங், தெரு திரும்பிப் பார்க்கும் சைலன்சர்.
ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் வாங்கியாயிற்று.
நிற்பதற்கும் வாங்க வேண்டும் என்று
யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. ஏற்காட்டிலிருந்து இறக்கம்.
பக்கத்தில் தில்ஷாத், மடியில் ஒரு கிலோ ஆரஞ்சு.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு,
பெயின்ட் அடித்த எண்கள் குறைந்துகொண்டே வந்தன.
பதினான்கில் ஒரு வாசனை.
"எவனோ டயர் கொளுத்துறான்" என்றாள்.
எரிந்தது நாங்கள்தான்.

பதினொன்றில் பெடல்
புளித்த மாவில் கால் வைத்ததுபோல் உள்ளே போனது.
மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று,
இன்ஜின் அலற, கைபிரேக்கைப் பல் பல்லாக இழுக்க,
குரங்கு உட்கார்ந்திருந்த கட்டைச்சுவர்
ஒரு முழம் முன்னால் நின்றது.
குரங்கு நகரவில்லை.
தில்ஷாத் ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள்.
"வியூ பாக்கவா நிறுத்துனே?"
ஆமாம் என்றேன்.
எதையும் பார்க்கவில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸ், ஜெபக்குமார் ஷெட்.
வீலைக் கழற்றினார்.
டிஸ்க் நீலம் பாரித்திருந்தது, பாம்பு தீண்டிய உடம்புபோல.
பேடு கண்ணாடியாகிவிட்டதாம்,
தடவச் சொன்னார். வழவழவென்று,
இவ்வளவு அழகாய் ஒரு கெட்ட விஷயம்.

துளை போட்ட டிஸ்க்கை நான் ஆசையாய்ப் பார்த்தேன்.
ஆணியில் தொங்கிய பழையதை எடுத்துக் காட்டினார்:
துளையிலிருந்து துளைக்கு மயிரிழை விரிசல்.
இன்னும் பெரியது போடலாமா?
பதிமூன்று இஞ்ச் வீலுக்குள் காலிப்பர் முட்டும்.
அதற்காக வீல், வீலுக்காக டயர்,
டயருக்காக மட்கார்டை மடக்க வேண்டும்,
அப்புறம் கார் எங்கே இருக்கும்?

பந்தயப் பேடு?
"அது சூடானாத்தான் கடிக்கும் மேடம்.
காலைல அஸ்தம்பட்டி சிக்னல்ல உங்களுக்கு ஏது சூடு?
அஞ்சடி தள்ளி நிக்கும்.
அந்த அஞ்சடியில ஒரு ஸ்கூல் வேன் நிக்கும்."
செராமிக்?
சத்தமில்லை, தூசியில்லை, வீல் வெள்ளையாகவே இருக்கும்.
மலைக்கு?
உதட்டைப் பிதுக்கினார்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
ஆபீஸுக்கு வருஷத்தில் முந்நூறு நாள்,
மலைக்குப் பன்னிரண்டு.
அடித்துவிட்டேன்.
பன்னிரண்டுகூட இல்லை,
ஒரு வளைவுக்காகத்தான் வாங்குகிறேன்.

நடுவில் காற்றோடும் இரட்டைத் தட்டு டிஸ்க், துளையில்லாதது.
உலோகத்தூள் கலந்த பேடு, பனிக்காலையில் கீச்சிடும், பரவாயில்லை.
தேநீர் நிறமாகியிருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டுப் புதியது.
காலிப்பர்?
இன்ஜின் கொடுத்த அந்தப் பெரிய காரிலேயே இருந்ததாம்.
பழைய இரும்புக் கடையில்
இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்.
இரண்டு வருஷமாய் அது அங்கேயே கிடந்திருக்கிறது,
எடைக்குப் போகாமல்.

விடிகாலை ஓமலூர் ரோட்டில் பழக்கினேன்.
அறுபதிலிருந்து பத்துக்கு,
முழுக்க நிறுத்தாமல், பத்து முறை.
ஆறாவது முறை ஒரு பால் வண்டிக்காரர்
என் அம்மாவை விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மறுபடி இறக்கம், மறுபடி தில்ஷாத்.
ஆரஞ்சு முடிந்து கொய்யா.
வளைவுக்கு வளைவு பெடல் என் காலைத் திருப்பித் தள்ளியது,
கோபக்காரக் கழுதைக்குட்டிபோல.
பதினொன்றைத் தாண்டப் போகையில்
"இங்க நிறுத்தலையா? போன தடவை நல்லாருந்துச்சே" என்றாள்.

நிறுத்தினேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது.
அப்போதுதான் பார்த்தேன்,
கீழே சேலம் முழுக்க,
சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளை வெட்டு,
தூரத்தில் கஞ்சமலை,
எங்கோ ஒரு ரயில்,
அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.