மீதி அரை

பீல் நகரில், மூடிக்கிடக்கும் கடிகாரப் பட்டறையின் மேல்மாடி.
மணிக்கு இருபது ஃப்ராங்க்,
ஹீட்டர் தனிக்கணக்கு.

"அரைமண்டி" என்றேன்.
முழங்கால் மடக்கி நின்றபடியே ரெட்டோ கேட்டான்:
"இது அரை என்றால்
மீதி அரை எங்கே?"

என்னிடம் பதில் இல்லை.
மூன்று வாரம் தேடினோம்.
சொலான்ஜ் தரையில் தேடினாள், முழுக்கப் படுத்து.
அகிலேசன் மிருதங்கத்தில் தேடினான்:
தகதி வரை வந்து
கையை எடுத்துவிட்டான்.
அந்த ஓட்டையில் என் கால் விழுந்தது.
அதை வைத்துக்கொண்டோம்.
நான் எழுதிவந்த ஜதியில்
பாதியை அவர்கள் அடித்தார்கள்,
மிச்சத்தை நானே.

நேற்றிரவு,
ஷூ நாடா கட்டிவிட்டு எழுந்த ரெட்டோ
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க
நடுவில் நின்றான்,
உட்காரவுமில்லை, எழவுமில்லை.

"அசையாதே!"
மூன்று பேர், மூன்று மொழியில்.

கடைசி பஸ் போனது.
அகிலேசன் அப்போதுதான்
உறை போட்ட மிருதங்கத்தின்மேல்
ஒற்றை விரலால் தட்டினான்,
மி.