மைண்ட் என்கிற வினைச்சொல்

முதலில் அதைப் பேருந்தில்தான் பார்த்தேன்.
வாசலோரம் மஞ்சள் எழுத்தில்:
படியை மைண்ட் பண்ணு.
படிக்கு என்ன மனசு என்று ஏறிவிட்டேன்.

ஃப்ரேசர்பரோ மீன் ஆலையில்
கத்திக்கு மேலே, வழுக்கும் தரைக்கு மேலே
எங்கும் அதே சொல்.
அங்கே அது எச்சரிக்கை.
பியோத்தருக்கு ஒரு விரல் நுனி போனது.
அவனுக்குப் பொருள் தெரியும்,
அன்றைக்குத் தூக்கம்தான் இல்லை.

ஜன்னலைத் திறந்தால் மைண்ட் பண்ணுவாயா
என்று கேட்டால்
இல்லை என்பதுதான் சம்மதமாம்.
நான் ஆமாம் சொல்லிச் சொல்லி
ஒரு மாதம் கேன்டீன் ஆவியில் வெந்தேன்.

பக்கத்து வீட்டு ஷோனா
கடைக்குப் போகும்போது
பிள்ளையை மைண்ட் பண்ணச் சொல்வாள்.
அது, பார்த்துக்கொள்.
உன் வேலையை மைண்ட் பண்ணு என்றால்
பார்க்காதே.

எல்லாம் நோட்டில் எழுதி
இந்தச் சொல் முடிந்தது என்று இருந்தேன்.

பிப்ரவரி. கானாங்கெளுத்தி வந்து குவிந்த வாரம்.
எஃபி கத்தியைத் தீட்டிக்கொண்டே
தலை நிமிராமல் கேட்டாள்:
"எங்க டோடை மைண்ட் பண்றியா?"

டோட், அவள் தம்பி.
இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன்.
அக்டோபரில் நண்டுப் படகில் ஏறி
வராமலே போனவன்.

அவன் பேச்சை எடுத்தால் எனக்குச் சங்கடமா
என்று கேட்கிறாளாக்கும்.
நல்ல பிள்ளையாகச் சொன்னேன்:
"இல்லை, நான் மைண்ட் பண்ணவில்லை."

தீட்டும் சத்தம் நின்றது.
நான்கு நாள் அவள்
வேறு வரிசையில் நின்று மீன் கிழித்தாள்.
தேநீர் வேளையில்
என் கோப்பை மட்டும் காலியாக இருந்தது.

ஷோனாதான் சொன்னாள்,
பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே:
எங்கள் கரைப் பேச்சில் அதற்கு
ஞாபகம் வைத்திருப்பது என்றும் பொருள்.

செத்தவனின் அக்காவிடம்
அவன் நினைவே இல்லை என்றிருக்கிறேன்.
சிரித்துக்கொண்டு வேறு.

எங்கள் காவ்னஸில் மிந்திஸ் என்றால் எண்ணம்.
இரண்டும் ஒரு வயிற்றுச் சொற்களாம்.
என்னிடம் ஒரு சாடைகூடக் காட்டவில்லை.

மறுநாள் விடியல் ஷிஃப்டில்
அவள் ஏப்ரன் கட்டும்போதே போய் நின்றேன்.
"டோடை நான் மைண்ட் பண்றேன், எஃபி.
முதல் நாள் என் கையுறை கிழிந்ததும்
எங்கிருந்தோ ஒரு ஜோடி கொண்டுவந்தான்.
இரண்டுமே இடது கைக்கானது."

முடிச்சு பாதியில் நின்றது.
அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா,
அந்தக் குளிரில் சொல்ல முடியவில்லை.

"அதில் ஒன்று என்னுடையது" என்றாள்.
"வருஷமெல்லாம் தேடினேன்."