பதினோராவது பெயர்

மிஸ் தந்த தாளில் பத்துப் பெயர் எழுதிவிட்டேன்.
விடிய நாலரைக்கு பஸ்.
கல்லடிப் பாலத்தடிக் காத்து
தாளைப் பறிக்கப் பார்க்கிறது,
முழங்காலால் அமத்திப் பிடித்திருக்கிறேன்.

ரைட் பேக்குக்கு யார்?

கேமப்பிரியா என்று எழுத
மூன்று தரம் பேனை கீழே போனது.
மூன்று தரமும் மிஸ்ஸின் குரல்:
"நாலடி எட்டங்குலம், புள்ள.
மேலால வாற பந்துக்கு அவள் என்ன
ஏணியா வைப்பாள்?"

ஓம், அது பொய்யில்லை.
மாத்தளைப் பிள்ளைகள் வந்த அன்று
தலைக்கு மேலால் தூக்கிப் போட்டார்கள் பந்தை.
அவள் திரும்பி ஓடி எட்டுவதற்குள்
அவர்களுடைய ஒன்பதாம் இலக்கம்
என் முகத்துக்கு முன்னால் நின்றாள்.
பலகை டொக் என்றது.
அந்தச் சத்தம் இரண்டு கிழமை
என் தலைக்கவசத்துக்குள் குடியிருந்தது.
நான் முன்னுக்கு வந்திருக்கலாம்.
அதை யாரும் கேட்கவில்லை.
உயரமானவளின் பிழை
உயரத்திலேயே மறைந்துவிடும்.

ஆனால் நான் கோல்கீப்பர்.
மற்றவர்கள் முகம் பார்த்து எடுக்கும் முடிவை
முதுகு பார்த்து எடுக்கிறவள்.
லோகதர்சினியின் முதுகு
பந்து வருமுன்னே நிமிர்ந்துவிடும்,
வேலியோரம் நிற்கும் பெடியன்களுக்காக.
ஜூடித்தின் முதுகு இருபதாம் நிமிடத்தில் களைக்கும்.
கேமாவின் முதுகு
சேட்டுக்குள் எங்கேயோ தொலைந்து கிடக்கும்.
அவளின் எட்டாம் இலக்கம்
பாதி காற்சட்டைக்குள் போய்
சைபராகத்தான் வெளியே தெரியும்.
அந்தச் சைபர், பந்து வலப்பக்கம் உருண்டதும்,
பந்துக்கு முன்னமே அங்கே நிற்கும்.
நாங்களெல்லோரும் பந்திடம் குனிந்து போகிறோம்.
அவள் அங்கேயே இருக்கிறாள்.

பெனால்டி கோர்னருக்கு முதலில் பாய்பவளும் அவள்தான்.
முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு
அடிக்கப் போகிறவளின் மட்டைக்கு நேரே,
கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கப் போகிறவள்போல.
ஒருமுறை தொடையில் பட்டது.
நாவற்பழ நிறத்தில் கண்டிப் போயிருந்தது.
"நோகுதாகா?" என்றேன்.
"பிறகு சொல்றன்" என்றாள்.
பிறகு சொல்லவேயில்லை.

கடைசி ஏழு நிமிடம்.
அதுவும் நாங்கள் வெல்லும்போது மட்டும்.
ஏழு நிமிடம் விளையாடுகிறவள்
ஏழு நிமிடத்துக்குத்தான் பிழை விடுவாள்,
ஏழு நிமிடத்துக்குத்தான் படிப்பாள்.
பிறகு "அனுபவம் காணாது" என்பார்கள்.
சோறு போடாமல்
மெலிந்துபோனாய் என்று குறை சொல்லும் வீடு.

"பாவம் மிஸ், போடுங்க" என்று
லோகதர்சினி ஒருநாள் சொன்னாள்.
எனக்கு ஆத்திரம் வந்தது.
பாவம் என்று போட்டால்
முதல் பிழையோடு வெளியே எடுப்பார்கள்.
சின்ன உடம்பு பெரிய மனசு என்று
பரிசளிப்பு விழாவில் பேச ஆளிருக்கிறது.
அவளுடைய மனசு எனக்குத் தெரியாது.
இடக்கால் எங்கே ஊன்றுவாள் என்று தெரியும்.

மேலால் வரும் பந்துக்கு
வட்டத்தின் விளிம்புவரை நான் ஓடிவரலாம்.
"விடு, என்ர!" என்று கத்தலாம்.
அவளுக்குக் காணாத அங்குலங்களை
நான் ஓடிக் கொடுக்கலாம்.
வெறும் கோலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு
அவ்வளவு தூரம் வர
எனக்குப் பயம்.

இவ்வளவு நேரமும் பேனை நின்றது
அவளுடைய உயரத்தில் இல்லைப் போல.

பாலத்தில் லொறியொன்று போனது.
தாள் அதிர்ந்தது. எழுதினேன்.
சிவஞானச்செல்வம் கேமப்பிரியா.
எங்கள் அணியிலேயே நீளமான பெயர்.
தாளின் அகலம் காணாமல்
கடைசி எழுத்து அடுத்த வரியில் விழுந்தது.

மிஸ் வெட்டினால் வெட்டட்டும்.
வெட்டுவதற்கும்
அவ்வளவு நேரம் எடுக்கும்.