வருகை: நூறு விழுக்காடு

காலை ஏழு ஐம்பது.
பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்த பேருந்துகள்
எங்கள் வேலியை உரசிக்கொண்டு திரும்பும் நேரம்.
சாவிக்கொத்தில் மூன்றாவது சாவி என் மேசை இழுப்பறைக்கு:
பேன் சீப்பு, ஒட்டுப்பட்டை, ஒரு மாற்றுக் கால்சட்டை,
ஆறாம் ஆண்டுப் பெண்களுக்கென்று
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்,
தேதி எழுதி மடித்த தாளில் ஒரு பால்பல்.

மாணவர் நலம் என்று கதவில் எழுதியிருக்கிறது.
சுற்றறிக்கை, படிவம் என்கிறது.
நாங்கள் பாரம் என்கிறோம்.
சரியாகத்தான் சொல்கிறோம்.

துணை உணவுத் திட்டத்தில் அறுபத்து மூன்று பெயர்.
அறுபத்து மூன்று தட்டு, அறுபத்து மூன்று பப்பாளித் துண்டு.
"அறுபத்து மூவரும் வந்தாச்சா டீச்சர்?" என்பாள்
சிற்றுண்டிச்சாலைத் தவநாயகி,
ஏதோ கோயில் உலா புறப்படுவதுபோல.

இரண்டு மல்லிகை, ரூபேந்திரன்.
அறுபத்து நான்காவது.
பிறப்புப் பத்திரம் இல்லை.
பெற்றவள் எங்கே என்று
வளர்க்கிற சித்திக்கே தெரியாது.
அடையாள எண் கேட்கும் கட்டம்
பன்னிரண்டு இலக்கம் இல்லாமல்
அடுத்த பக்கத்துக்கு விடாது.
கிராணி சுஹைலா ஒருநாள்
பன்னிரண்டு சுழியம் அடித்துப் பார்த்தாள்.
திரை சிவந்தது.
"சாபார், சிக்கு" என்றாள்,
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

ஆகவே தினமும்
வருகைப் பதிவேடுகள் மேசைக்கு வந்ததும்
நான் செய்கிற முதல் வேலை
எந்த அறிக்கையிலும் ஏறியதில்லை.
அறுபத்து மூன்றில் யார் வரவில்லை என்று தேடுவேன்.
ஒருவனுக்குச் சளி.
ஒருத்தி வீட்டில் சாவு.
சர்மிதாவுக்கு அம்மை போட்டிருக்கிறது.

அப்பாடா.

அந்த அப்பாடாவை
யாரும் பார்க்குமுன் விழுங்கிவிடுவேன்.
அம்மை கண்ட பிள்ளையின் தட்டு
அவன் முன்னால் போய் உட்காரும்.
தட்டில் யார் பெயரும் எழுதியிருப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை
தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் மகிழ்ந்துபோனார்.
இந்த ஆண்டின் முதல் நூறு விழுக்காடு!
சபைகூடலில் எல்லாரும் கைதட்டினார்கள்.
அவனும் தட்டினான்,
வரிசையில் மூன்றாவதாக நின்று,
மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.

ஓய்வு மணி அடித்ததும்
சில்லறைப் பையோடு இறங்கினேன்.
மேசையில் அவன் இல்லை.
குழாயடியில் நின்று
கையை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"சாப்பிடலையா?"

"இன்னிக்கி எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர்."

குழாயை நான்தான் மூடினேன்.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
எத்தனை நாளாய் என்று கேட்க வாய் வரவில்லை.
ஏழு வயதில் அவனும்
காலையில் தலைகளை எண்ணியிருக்கிறான்.

அதற்குள் தவநாயகி
ஒரு தட்டைக் கொண்டுவந்து திண்டில் வைத்தாள்.
கோழி, கீரை, பப்பாளி.
யாருடையது என்று கேட்டேன்.
ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.
"நான் என்னைக்கு டீச்சர்
அறுபத்து மூணுன்னு எண்ணி ஆக்கினேன்?"

அப்படியானால்
இத்தனை மாதமாக
பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக் காத்திருந்தவள்
நான் ஒருத்திதானா?

அவள் பதிலுக்கு நிற்கவில்லை.
ஐந்தாம் ஆண்டுப் பையன்கள்
மீகூன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
அவன் முதலில் பப்பாளியைத் தின்றான்.
பிறகு கோழியை,
எலும்பைச் சுற்றிச் சுற்றி.

மாலையில் பாரம் நிரப்பினேன்.
வழங்கியது அறுபத்து மூன்று.
மீதி, இல்லை.
இரண்டுமே உண்மை.
எங்கேயோ ஒரு பொய்யும் இருக்கிறது;
அதற்குக் கட்டம் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பதிவிலாகாவுக்குப் போகவேண்டும்,
சித்தியோடு, நான்காவது முறை.
போன தடவை அந்த அதிகாரி
கோப்பை மூடிவிட்டுக் கேட்டார்:
இவனுடையது என்று சொல்ல,
தேதி போட்டது, ஏதாவது ஒன்று இருக்கிறதா?

மூன்றாவது சாவி.
இழுப்பறை எப்போதும்போல் பாதியில் சிக்கி,
ஓர் இழுப்புக்குப் பின் திறந்தது.
மடித்த தாளை எடுத்துக்
கைப்பையில் வைத்துக்கொண்டேன்.