திங்கட்கிழமை போணி

ஜூனில் பத்து மணிக்குத்தான் விடியும்.
ஒன்பதுக்கே ஷட்டரைத் தூக்கிவிடுகிறேன்.
புன்டா அரேனாஸின் காற்று
கதவைத் திறக்க விடாது,
திறந்தால் பிடுங்கப் பார்க்கும்.
இடுப்பால் முட்டுக்கொடுத்து நுழைந்து
பாரஃபின் அடுப்பைப் பற்றவைத்து
நிற்கிறேன்,
ஒர்த்தென்சியா மன்சீயா,
முதலாளி, விற்பனைப் பெண், கூட்டுபவள்.
விடுப்பு கேட்டால் முறைப்பவளும் நானே.

பொருளின் பெயர் தெரிந்து யாரும் வருவதில்லை.
தேய்ந்த வாஷரைக் கைக்குட்டையில் பொதிந்து
விழுந்த பல்லைக் காட்டுவதுபோல
மேசையில் வைத்து
"இதே மாதிரி ஒண்ணு" என்பார்கள்.
நூற்று நாற்பது இழுப்பறைகள்.
ஒன்றிலும் எழுதி ஒட்டியதில்லை.
கை முதலில் போகும்,
நான் பின்னால் போவேன்.

வாஷர் நூற்றைம்பது பெசோ.
அதற்கு இருபது நிமிடப் பேச்சு.
எந்த வால்வை முதலில் மூடுவது,
எந்தப் பக்கம் திருகுவது,
மருமகன் ஏன் இதையெல்லாம் செய்வதில்லை.
மணிக்கு எவ்வளவு நிற்கும் என்று
வங்கியில் ஒரு பையன் கேட்டான்.
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
அவனிடம் சொல்லவில்லை.

போன வெள்ளி ராத்திரி
எங்கள் பேட்டையில் எட்டுக் கூரைகள் கழன்றன.
தகரங்கள் தெருவில் புரண்டு புரண்டு
நீரிணைப் பக்கம் போயின.
திங்கள் காலை எல்லாரும் வருவார்கள்,
ரப்பர் தொப்பி போட்ட கூரைத் திருகாணிக்கு.
என்னிடம் இருந்தது ஒரு பிடி.
சரக்கு லாரியோ
அர்ஜென்டினாப் பக்கம் பனியில் சிக்கி
டிரைவர் போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை
கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு
போனேன்
அந்தப் பெரிய கடைக்கு.
போகமாட்டேன் என்று
ஊரெல்லாம் சொல்லியிருந்த கடைக்கு.

அவர்கள் விற்கும் விலை
என் அடக்க விலையைவிடக் குறைவு.
இரண்டு தடவை படித்தேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மூன்றாம் தடவை.
நாற்பது பாக்கெட்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதுகு
தெரிந்த முதுகு.
எலியோடோரோ பர்ரியா.
வியாழக்கிழமை முழுக்க என் மேசையில் சாய்ந்து
எந்த டிரில் நல்லது,
கான்கிரீட் சுவருக்கு எத்தனை மில்லி என்று கேட்டு
படம் வேறு வரையவைத்தவர்.
யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்.
அவர் வண்டியில் அந்த டிரில்.
அதன்மேல் மடித்து வைத்த காகிதம்,
என் கையெழுத்து.

திரும்பினார்.
"மச்சானுக்கு" என்றார், டிரில்லைப் பார்த்து.
"எங்க வீட்டுக் கூரைக்கு" என்றேன்
நாற்பது பாக்கெட்டைப் பார்த்து.
எங்கள் வீட்டுக் கூரையின் அளவு
அவருக்குத் தெரியும்.
அதை வேய்ந்ததே அவர்தான்.

"பாயின்ட் கார்டு இருக்கா?" என்றாள் கல்லாக்காரி.
எனக்கு ஏது?
போய்க்கொண்டிருந்தவர் நின்று
தன் கார்டை நீட்டினார்.
"வீணாப் போவானேன்,
என் பேருல ஏத்திடு."

திங்கள். இருட்டு. அடுப்பு இன்னும் சூடாகவில்லை.
முதல் போணி அவர்தான்.
ஆறு மில்லி பிட் ஒன்று,
கூரைத் திருகாணி முப்பது.
எண்ணிப் போட்டேன், கொசுறாக இரண்டு.
ஒன்றைத் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்ல சரக்கு. எங்கேருந்து?"
"சந்தியாகோலேருந்து."
"அப்படியா" என்றார்.
ஒரு திருகாணிக்கு இருபது பெசோ கூடுதல்.
எண்ணி வைத்தார், பேரம் பேசாமல்.

பில் வேணுமா என்றேன்.

"எதுக்கு?
வெளியே போனா காத்து பிடுங்கிக்கும்."