பாரப் பட்டியல்

ஹோபார்ட்டில் ஜூலை. ஓடுபாதையில்
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
படிவத்தின் முதல் கட்டம்: அதிகபட்சச் சுமை.
எழுபத்தேழு டன்.
அதை நான் நிரப்புவதில்லை,
அச்சடித்தே வரும்.

இந்த வயிற்றுக்குள் நான் ஏற்றிக் கட்டியவை:
ஒரு டாங்கி, அதன் சங்கிலிச் சக்கரத்தில்
யாரோ செருகிவிட்டிருந்த மஞ்சள் பூவோடு.
விசிறி மடித்த ஹெலிகாப்டர்கள் மூன்று.
புயல் தின்ற தீவுக்கு ஒரு முழு மருத்துவமனை,
அறுவைக் கத்தி முதல் கழிப்பறைக் கதவு வரை.
ஒருமுறை நூற்றிரண்டு பாராசூட் வீரர்கள்;
கதவு திறந்த சில நிமிடங்களில்
அவ்வளவு பேரும் இருட்டுக்குள் கொட்டிப்போக
என்னோடு மிஞ்சியது
ஒரு கையுறை, இடது கைக்கானது.

ஆயிரம் மீட்டர் மண்தரை போதும் இதற்கு.
திரும்ப இடமில்லையென்றால்
எஞ்சின்களை முன்பக்கம் ஊதிக்கொண்டு
பின்னால் நடக்கும்.
எந்தப் பறவையும் எனக்குக் காட்டாத வித்தை.

இன்று ஏற்ற ஒன்றுமில்லை.
போகும்போது டாக்டர் ஷிவான், இரண்டு செவிலியர்,
ஒரு மடக்குக் கட்டில்.
வரும்போது டெக்லன். டீசல் மெக்கானிக்.
பனிக்கண்டத்தில் குளிர்காலம் கழிக்கப் போனவன்;
கணையம் வீங்கிக் கிடக்கிறான்.
சூரியனைக் கடைசியாகப் பார்த்தது மே மாதம்.
எடை அறுபத்தொன்றரைக் கிலோ,
ரேடியோவில் சொன்னார்கள்.

சுமை இல்லாததால் வயிறு காலி,
இறக்கை முழுக்க எரிபொருள்.
போய்த் தொட்டுவிட்டு, அங்கே ஒரு சொட்டும் கேட்காமல்
திரும்பிவிடலாம்.
எழுபத்தேழு டன்னைத் தூக்காமல் இருப்பதுதான்
இன்றைக்கு இதன் திறமை.

நாலரை மணி நேரம். கீழே கடல் என்று
வரைபடம் சொன்னதை நம்பிக்கொண்டோம்.
கேப்டன் மிர்யானா இரவுக்கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.
அவளுக்கு உலகம் பச்சை.
எனக்குக் கறுப்பு, என் கொக்கிகள்,
காலுக்கடியில் நடுங்கும் உருளைகள்.
பிறகு பனிக்கட்டி சக்கரத்தைப் பிடித்தது,
விட்டது, பிடித்தது.

எஞ்சினை அணைக்கக் கூடாது.
மைனஸ் முப்பத்தெட்டில் அணைத்தது மறுபடி எழாது.
சரிவுக்கதவை இறக்கினேன்;
குளிர் விறுவிறுவென்று ஏறி வந்து
ஒவ்வொரு சங்கிலியையும் தொட்டுப்பார்த்தது.
முகம் தெரியாத ஏழெட்டு பேர் தூக்கிவந்தார்கள் அவனை.
ஒருத்தி கடிதக் கட்டு ஒன்றை என் கையில் திணித்து
காற்றைவிடச் சத்தமாக ஏதோ கத்தினாள்.
எனக்குக் கேட்கவில்லை.
தலையாட்டினேன்.

இறக்கைக்கு நேர் கீழே, ஆட்டம் குறைந்த இடத்தில்
கட்டிலைப் பூட்டினேன்.
கணக்குப் போட்டேன், அவனோடு ஒருமுறை,
அவனில்லாமல் ஒருமுறை.
விமானத்தின் சமநிலைப் புள்ளி
தசமத்தில்கூட நகரவில்லை.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மூன்றாவது தடவையும் போட்டேன், ஏனென்று தெரியாமல்.

பாதி வழியில் கண் திறந்தான்.
"இது எவ்வளவு தூக்கும்?"
சொன்னேன்.
அந்தக் குகையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை
கண்ணால் ஒருமுறை நடந்துவிட்டு
"மன்னிச்சுக்குங்க" என்றான்.

என்ன சொல்வது இதற்கு?
தளராத பட்டையை இறுக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து விரல் நீட்டினான்.
"வலப்பக்கம், உள்ளே இருக்கிறது.
கரகரங்குது. கேட்கலையா?"
பதினோரு வருடமாக இதற்குள் வாழ்கிறவள் நான்,
கேட்கவில்லை.
மேலே சொன்னேன். மிர்யானா முள்ளைப் பார்த்தாள்.
"எல்லைக்குள்ளதான் இருக்கு," என்றாள்,
பிறகு, "ஆனா கொஞ்சம் ஏறியிருக்கு. யார் சொன்னது?"

ஹோபார்ட்டில் மழை நிற்கவில்லை.
ஆம்புலன்ஸ் போன பிறகு படிவத்தை எடுத்தேன்.
சுமை: சுழியம்.
பணியாளர்கள்: வழக்கத்தைவிட ஒன்று கூடுதல்.

வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து போன்,
எண்ணிக்கை உதைக்கிறதாம்.
ஆமாம் என்றேன்.
கடிதக் கட்டு இன்னும் என் கோட்டுப் பையில்.
மேலுறையில் தெருப்பெயர் நனைந்து
பாதிதான் தெரிகிறது.