எட்டு வாய்கள்

அந்தக் கை நாற்பத்தேழு ஆண்டுகளாக
நீட்டியபடியே இருந்தது.
விரல் நுனிக்கும் சுவிட்சுக்கும் நடுவே
ஒரு சாண் காற்று.

தொடரின் பெயர் ஒன்பதாம் கலங்கரை.
விண்வெளியின் விளிம்பில் ஒரு விளக்கு,
அதைக் காக்க ஒருவன்,
அவனைத் தேடி வந்த ஒருத்தி.
மூன்று வாரம் பார்த்தவர்களுக்கு
நாலாவது வாரம் நாய்க் கண்காட்சி காட்டினார்கள்.

நாலாவதில் அவன் விளக்கை அணைக்க வேண்டும்.
கை நீட்டினான்.
கிளாஸ்கோ ஸ்டூடியோவின் மின்பணியாளர்கள்
முந்திக்கொண்டார்கள்.
இரவு பத்து மணி. வேலைநிறுத்தம்.
இரவுப்படி கேட்டு அவர்கள் எழுதிய கடிதங்களுக்கு
இரண்டு வருடமாக யாரும் பதில் போட்டிருக்கவில்லை.
மறுவாரம் தகரச் சுவர்களைப் பிரித்துவிட்டு
ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு அடுப்பு வைத்தார்கள்.

இப்போது
கெல்வின் ஆற்றை ஒட்டிய மாடியறையில்
மார்வென் கேர்ட் வாய் வரைகிறாள்.
மொத்தம் எட்டு வாய். பணம் அவ்வளவுக்குத்தான்.
அகலத் திறந்த ஆ.
குவிந்த ஊ.
இதழ் ஒட்டினால் ப, ம இரண்டுக்கும் ஒன்றே போதும்.
எழுத்துகளுக்கு உயிர் என்றும் மெய் என்றும்
நம்மில் பேர் வைத்தவர் யாரோ,
அவருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும்:
மூடினால் உடம்பு,
திறந்தால் உயிர்,
வினாடிக்குப் பன்னிரண்டு தரம்
இறந்தவனுக்குக் கொடுத்துக் கொடுத்துப்
பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

டூகல் பின்னி போய் முப்பது வருடம்.
மிச்சம் ஓர் ஒத்திகை ஒலிநாடா.
அதில் வசனத்துக்கு நடுவே இருமுகிறான்.
வெட்டிவிடு என்றார் தயாரிப்பாளர்.
வெட்டினாள்.
காவலன் அந்த இடத்தில் வெறும் படமாக நின்றான்.
திரும்ப ஒட்டினாள்.
இருமலுக்கு எட்டில் ஒரு வாயும் பொருந்தவில்லை.
சம்பளம் இல்லாத ஒரு சனிக்கிழமையில்
ஒன்பதாவதை வரைந்தாள்.

எல்ஸ்பெத் ரான்கின் வந்தார்.
எண்பத்தொன்று.
ஈரக் குடையை மைக் கம்பியிலேயே மாட்டினார்.
திரையில் அவருக்கு முப்பத்துநாலு.
குரலை இளசாக்கித் தரலாம், மென்பொருள் இருக்கிறது
என்றான் ஒலிப்பதிவுப் பையன்.

“எதற்கு?
அவன் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.
நான் நின்றேனா?”

கரகரத்த குரல் அந்த இளம் உதடுகளில் போய் உட்கார்ந்தது.
முதலில் உறுத்தியது.
மூன்றாம் நாள்
உதடுகள்தான் பொய் என்று தோன்றியது மார்வெனுக்கு.

கடைசிப் பக்கத்தில் வசனமே இல்லை.
மை மங்கிய தட்டச்சில் ஒரு வரி:
விளக்கு அணைகிறது. அவள் அவனைப் பார்க்கிறாள்.

எப்படிப் பார்க்கிறாள்?
எழுதியவர் இல்லை, இயக்கியவர் இல்லை.
மார்வென் நாலு முகம் வரைந்து நீட்டினாள்:
காதல், அச்சம், மன்னிப்பு,
நாலாவதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.
எல்ஸ்பெத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“இவர்களெல்லாம் யாரோ.
அன்று ராத்திரி பார்ட்டிக்குக்குக் கடைசி பஸ் பத்தே காலுக்கு.
ஒத்திகை முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
இயக்குநர் பிரமாதம் என்றார்.”

மார்வென் சிரிக்கவில்லை.
நாலையும் அழித்தாள்.
கண் அவன்மேல்தான். ஆனால் கருவிழி
அவன் தோளுக்கு ஒரு நூல் அப்பால்,
எதையோ கூட்டிக் கழித்தபடி.
பிரபஞ்சத்தின் விளிம்பில்
விளக்கு அணைகிற நேரத்தில் ஒருத்தி
வீடு இன்னும் எத்தனை தூரம் என்று பார்க்கிறாள்.

பாக்கி அந்த ஒரு சாண் காற்று.
அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.
நவம்பரில், எல்லோரும் போன பிறகு,
முப்பத்தாறு படங்கள்.
மூன்று வினாடி.
விரல் போய்ச் சேர்ந்தது.
இருமல்.
இருட்டு.

ஓட்டிப் பார்த்தாள். மறுபடி ஓட்டவில்லை.
மேசை விளக்கை அணைத்தபோது
சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து.
கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு
படியில் ஓடினாள்.